முருங்கை தூணாகாமல் போனது

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கு வாய் இருந்தது. காலும் இருந்தது என்றால் நம்பமாட்டீர்கள், ஆனால் இருந்தது. வேரைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு பிடித்த இடத்துக்கு நடந்து போகும். ஓரிடத்தில் வேர் இறக்கிவிட்டால் மட்டும் அப்புறம் நகர முடியாது. கல்யாணம் மாதிரிதான். அதனால் எந்தச் செடியும் யோசிக்காமல் காலூன்றாது. ஊரில் புது வீடு எழும்புகிறது என்று கேள்விப்பட்டால் வாசலில் வந்து நின்று, நான் இன்னது தருவேன், எனக்கு ஓர் இடம் கொடு என்று கேட்கும். வீட்டுக்காரி செம்புத் தண்ணீரோடு நிற்பாள். பிடித்த செடியின் காலில் ஒரு கை நீர் வார்த்தால் இடம் கொடுத்ததாக அர்த்தம். வார்த்த நீரை அள்ள முடியாது, கொடுத்த இடத்தையும் திரும்ப வாங்க முடியாது.

அப்போதைய முருங்கையைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஒருவன் ஏறினால் படக்கென்று முறிகிற இப்போதைய மரம் இல்லை அது. வைரம் பாய்ந்த மரம். கோடாலி போட்டால் கோடாலிதான் மழுங்கும். அடியில் தீ மூட்டி நாள்கணக்கில் சுட்டால்தான் சாயும். மண்டபமோ சாவடியோ எது கட்டினாலும் தூணுக்கு முருங்கையைத்தான் தேடுவார்கள். அதில் அந்த மரத்துக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருக்காதா பின்னே?

முள்ளிச்செவல் என்று ஒரு மானாவாரி ஊர். மேற்கே மலை நீலமாகத் தெரியும். மழை மட்டும் அந்த மலையோடு நின்றுவிடும். ஆனி பிறந்தால் அங்கிருந்து ஒரு காற்று இறங்கும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அம்மி பறந்ததோ என்னவோ, அந்த ஊரின் செம்மண் பறந்தது. ஒருவன் தன் கொல்லையை வெறுமனே போட்டுவைத்தால் அந்த மண் அடுத்தவன் சோற்றில் விழும், அதற்கடுத்தவன் கிணற்றைத் தூர்க்கும். அதனால் ஊரில் ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். புதிதாகக் குடிவருகிறவர்கள் முதல் ஆடி அமாவாசைக்குள் கொல்லையின் நான்கு மூலையிலும் பச்சை உயிரோடு நிற்கக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கூரையைப் பிரித்துவிடுவார்கள். வந்த வழியே போக வேண்டியதுதான்.

அந்த ஊருக்குத் தை மாதம் குடிவந்தார்கள் சீனித்தாயும் அவள் புருஷன் சுடலையும். இருவரும் ஆட்டுக்கிடை போடுகிற சனம். காடு காடாக ஆட்டைப் பற்றிக்கொண்டு போய், அடுத்தவர் நிலத்தில் இரவெல்லாம் ஆட்டை அடைத்துக் கிடை மறித்து, புழுக்கைக்குக் கூலியாகத் தவச தானியம் வாங்கிப் பிழைத்தவர்கள். அவர்களுக்கு இதுதான் முதல் வீடு.

சீனித்தாய்க்கு இந்த வீடு ஏன் அவ்வளவு வேண்டியிருந்தது என்று சொல்கிறேன். போன வருஷம் அவளுக்கு ஒரு பிள்ளை, வழியில், ஓர் ஓடைக்கரையில் பிறந்தது. பிறந்த வாரத்திலேயே காற்றும் தூசியும் நெஞ்சில் கட்டி இறந்துபோனது. அங்கேயே மண்ணைத் தோண்டிப் புதைத்து, கல் ஒன்றை அடையாளம் வைத்துவிட்டு ஆட்டின் பின்னால் போனார்கள். திரும்பி வந்தபோது காற்று ஓடைக்கரையையே இடம் மாற்றியிருந்தது. கல்லும் இல்லை, மேடும் இல்லை. பிள்ளையைக் கொடுத்த இடம் எது என்று தெரியாமல் அவள் அந்தக் கரை முழுக்க மண்ணைக் கையால் கிளறினாள். இப்போது அவள் வயிற்றில் மறுபடியும் ஓர் உயிர். இது ஒரு கூரைக்குக் கீழே பிறக்க வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

மாசியில் செடிகள் வந்தன. ஆற்றங்கரையிலிருந்து முதலில் வந்தது வெற்றிலைக்கொடி. சீனித்தாய் செம்போடு நின்று, என்ன தருவாய் என்று கேட்டாள். வாய் சிவக்கத் தருவேன் என்றது. ஒரு கை நீர் வார்த்தாள். கமுகு வந்து, கொத்துக் கொத்தாகப் பாக்கு தருவேன் என்றது. அதற்கும் வார்த்தாள். செண்பகம் வந்து தன் வாசனையாலேயே பேசியது. பொட்டல்காட்டில் ஆட்டு வீச்சத்தோடு வளர்ந்தவள் அந்த மணத்தில் சொக்கிப்போய், கேள்வியே கேட்காமல் வார்த்துவிட்டாள். நாலாவதாக மூச்சிரைக்க வந்த வாழைக்கு, பாத்திரம் கழுவுகிற மூலைதான் மிச்சமிருந்தது. கழுநீர் ஓடிச் சேறாகக் கிடக்கும் இடம். வாழை முகம் சுளித்துக்கொண்டு அங்கே போய் நின்றது.

கிடைக்காரர்களுக்குப் பச்சையைக் கண்டால் போதும். எந்தச் செடி எவ்வளவு குடிக்கும் என்று அவர்கள் கவனித்ததே இல்லை. ஓரிடம் காய்ந்தால் அடுத்த பச்சைக்கு நடந்துவிடுவார்கள். செடி நிற்கிற இடத்தில் தானும் நிற்க வேண்டிய நிலைமை சீனித்தாய்க்கு இதுவரை வந்ததில்லை. அவள் தவறியது அங்கேதான்.

அந்தச் சமயத்தில் முருங்கை வந்தது. அதுவும் முள்ளிச்செவல் காட்டு மரம்தான். வழக்கப்படி என்ன தருவாய் என்று கேட்டாள்.

“அது கிடக்கட்டும். உன் வீட்டுல தண்ணி எவ்வளவு இருக்கு? மொதல்ல அதைச் சொல்லு” என்றது முருங்கை.

சீனித்தாய்க்குச் சுருக்கென்றது. இடம் கேட்டு வந்தது கேள்வி கேட்கிறதே என்று கோபம். போதாக்குறைக்கு அதன் மேலிருந்து ஒரு கம்பளிப்பூச்சி இறங்கி அவள் கால் பக்கம் ஊர்ந்தது. காட்டில் கண்ட மரத்துக்கெல்லாம் வீட்டில் என்ன இடம் என்று சொல்லி, செம்பைக் கவிழ்த்துவிட்டு உள்ளே போனாள். முருங்கை அங்கிருந்து நடந்தது. கொல்லையின் கிழக்கு எல்லைக்கு வெளியே, ஊர்ப்புறம்போக்கில், ஓர் எட்டு தள்ளி வேரை இறக்கிக்கொண்டது. வேண்டுமென்றே கண்ணில் படுகிற மாதிரி.

அந்தக் காலத்து மரங்கள் வளர்கிற வேகம் வேறு. பங்குனிக்குள் முருங்கை ஆள் அணைக்கிற பருமன் ஆகிவிட்டது. ஊர் நாட்டாமை வீரணன் வந்து அதைத் தட்டிப் பார்த்து, தையில் கட்டப்போகிற சாவடிக்கு இதுதான் நடுத்தூண் என்று சொல்லிவிட்டுப் போனார். மரத்துக்குத் தலைகால் புரியவில்லை. உன் வீட்டுக்கு ஆகாத நான் ஊருக்கே தூண் என்று எல்லைக்கு வெளியே நின்று சீனித்தாயைச் சீண்டியது.

அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. வெயில் ஏற ஏறக் கொல்லையில் தண்ணி தண்ணி என்ற ஒரே சத்தம். வெற்றிலை முதலில் கெஞ்சிக் கேட்டது, பிறகு அழுதது. கமுகு அதிகாரம் செய்தது. புல் தீர்ந்துபோனதால் சுடலை ஆடுகளைப் பற்றிக்கொண்டு மலையடிவாரம் போய்விட்டான். மழை விழுந்ததும் வருவதாகச் சொல்லியிருந்தான். பிள்ளை வயிற்றோடு அவள் ஒருத்தியாக ஊர்க்கிணற்றுக்கும் கொல்லைக்கும் குடம் சுமந்தாள். கிணற்றில் நீர் இறங்க இறங்கக் கயிறு நீண்டது. கடைசியில் வீட்டுக்கு இத்தனை குடம்தான் என்று நாட்டாமை கட்டுப்படுத்திவிட்டார். அவள் தான் குடிக்கிறதில் பாதியைச் செடிக்கு ஊற்றினாள். அப்புறம் வீட்டில் கட்டியிருந்த ஒற்றைப் பசுவின் பங்கில் கை வைத்தாள். பசு வாயில்லாச் சீவன். காலித்தொட்டியை நக்கிவிட்டு அவளைப் பார்க்கும். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

யானைப் பசிக்குச் சோளப்பொரி. வெற்றிலை சித்திரையில், தண்ணீர் கேட்ட வாயோடேயே சுருண்டது. செண்பகம் மொட்டைக் கொட்டியது, பிறகு இலையைக் கொட்டியது. வைகாசியில் கமுகின் குருத்து சாய்ந்தபோது சீனித்தாய்க்குப் பொறுக்கவில்லை. தருவேன் தருவேன் என்று வாய்கிழியப் பேசினீர்களே என்று அதன் அடிமரத்தில் அறைந்து அழுதாள்.

“தருவேன்னு சொன்னேன். எதைக் குடிச்சுத் தருவேன்னு நீ கேக்கவே இல்லையே தாயி” என்றது கமுகு. அது பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

வாழை மட்டும் நின்றது. அவள் அதற்கு ஒரு குடம்கூடச் சுமந்ததில்லை. பாத்திரம் கழுவியது, அரிசி களைந்தது, குளித்தது எல்லாம் தானாக அங்கே ஓடியிருந்தது. அன்றுதான் அதை நின்று பார்த்தாள். மூன்று மூலைகள் வெறுமையாகக் கிடந்தன. வெளியே அந்த முருங்கை கொளுத்துகிற வெயிலில் பூத்துக் குலுங்கியது. தேனீ மொய்த்தது, குருவிகள் வந்து உட்கார்ந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு வயிறு எரிந்தது.

ஆனியில் காற்று இறங்கியது. காய்ந்த கொல்லையின் மண் அலை அலையாகக் கிளம்பிக் கிழக்கே போனது. பக்கத்து வீட்டார் சோற்றுச் சட்டியைக் கொண்டுவந்து அவள் முன்னால் கவிழ்த்துக் காட்டினார்கள். பாதி மண். நாட்டாமை வீரணன் வந்தார். அவர் கெட்டவர் இல்லை. வாசலிலேயே நின்று, தலைத்துண்டை அவிழ்த்துத் தூசியை உதறினார்.

“எனக்கும் இது பிடிச்ச வேலை இல்ல தாயி. ஆனா ஒரு வீட்டுக்கு விட்டுக்குடுத்தா ஊரே மண்ணுக்குள்ள போயிரும். அமாவாசைக்கு வருவோம்.”

அவர் தலை மறைந்ததும் சீனித்தாய் கோடாலியை எடுத்தாள். எந்தச் செடியும் இனி நடந்து வரப்போவதில்லை. அந்தக் காற்றில் எது நடக்கும்? வேர் இறக்கிய மரத்தைக் கிளையாக வெட்டி நட்டால்தான் உண்டு. ஊர்த்தூணில் கை வைப்பது குற்றம் என்று தெரிந்தும் எல்லையைத் தாண்டிப் போய், கண்ணை இறுக்கிக்கொண்டு, தாழ்ந்த கிளையில் ஓங்கிப் போட்டாள். கோடாலி துள்ளித் திரும்பியது. வாய் மடங்கிப்போயிருந்தது. மறுபடியும் போட்டாள். மறுபடியும்.

“போடு, போடு” என்றது முருங்கை. “வெட்டியே எடுத்தாலும் வைரக்கட்டைக்கு வேர் வராது. உன் கொல்லையில விறகா நிக்கும்.”

கோடாலி கையை விட்டு விழுந்தது. அவள் அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். மண் முகத்தில் அடித்தது, துடைக்கவில்லை. ஓடைக்கரையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். மரத்துக்குச் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியாது. காணாமல் போன கல்லைச் சொன்னாள், கையால் கிளறிய மண்ணைச் சொன்னாள். இதையும் அப்படி ஒரு கரையில் போட்டுவிட்டுப் போக என்னால் முடியாது என்றாள். சொல்லி முடித்துக் குனிந்தபோதுதான் அவள் கண்ணில் பட்டது. மரத்தின் வேர்கள் வெளியே தெரிந்தன. காற்று அவள் கொல்லை மண்ணோடு முருங்கையின் காலடி மண்ணையும் அரித்துக்கொண்டிருந்தது.

சீனித்தாய் நிமிர்ந்து, “உனக்கு என்னதான் வேணும்?” என்று கேட்டாள்.

 பிறந்ததிலிருந்து முருங்கையிடம் என்ன தருவாய் என்றுதான் கேட்டிருக்கிறார்கள், எத்தனை முழம் தேறுவாய் என்று நாட்டாமை கேட்டிருக்கிறார். இந்தக் கேள்வி புதிது.

“நிக்க மண்ணு வேணும்” என்றது கடைசியில். “சரி, மாசியில கேட்டதையே இப்பவும் கேக்கேன். உன் வீட்டுல தண்ணி எவ்வளவு இருக்கு?”

இந்தத் தடவை அவளுக்குக் கோபம் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் சுமந்து ஊற்ற இனித் தெம்பு இல்லை என்றாள். பசுவின் பங்கையும் தொடமாட்டேன். கழுவின தண்ணீரும் அரிசி களைந்த தண்ணீரும்தான். மழை வருகிறவரைக்கும் அவ்வளவுதான்.

“அது எனக்குப் போதும். இதைச் சொல்லத்தான் அன்னைக்கே கேட்டேன்.”

 ஆனால் அந்த மரத்துக்குத் தூணாக ஆசை. சாவடியின் நடுவில் எண்ணெய் தடவி, மாலை போட்டு, தலைமுறை தலைமுறையாக நிற்கிற ஆசை. வைரம் இருந்தால்தான் தூண். வைரம் இருக்கிறவரை ஒரு கிளைகூட வேறிடத்தில் வேர்விடாது. இரண்டில் ஒன்றுதான். விட்ட வைரம் திரும்பாது என்பதும் அதற்குத் தெரியும். மரத்துக்குள்ளே சோளத்தட்டை முறிகிற மாதிரி ஒரு சத்தம் அடியிலிருந்து நுனிவரைக்கும் ஓடியது. சீனித்தாய் பயந்து எழுந்துவிட்டாள்.

“கையை வை” என்றது முருங்கை. குரல் மெலிந்திருந்தது.

கோடாலி மழுங்கிய அதே கிளையில் கையை வைத்தாள். படக்கென்று வந்தது. இன்னொன்று, இன்னொன்று. அந்த மூன்று கிளைப் போத்துகளையும் நுனி ஒடித்து, மூன்று மூலையிலும் குழி பறித்து நட்டு மிதித்தாள். ஆனால் முறிந்த தலை பச்சைப் புண்ணாக வெயிலில் கிடந்து கொதித்தது. நீர் சுண்டி, விளிம்பு சுருங்க ஆரம்பித்தது. செடிக்கு என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியாது. ஆட்டுக்கு என்ன செய்வது என்று தெரியும். கொம்பு முறிந்த ஆட்டுக்குச் சாணியை வைத்து அப்பி மூடுவது கிடைக்காரர்கள் கைப்பழக்கம். பசு போட்டிருந்த சாணியைச் சூட்டோடு அள்ளி, மூன்று தலையிலும் உருட்டி வைத்து அழுத்தினாள்.

அதன் பிறகு காத்திருப்பதைத் தவிர வேலை இல்லை. காற்று கூரையைப் பிடித்து உலுக்கியது. அவள் போத்துகளை அசையாமல் கைகளால் அணைத்துக்கொண்டு ஒவ்வொன்றின் பக்கமும் மாறி மாறி உட்கார்ந்திருந்தாள். கழுநீரைச் சொட்டு விடாமல் பிடித்துப் பங்கிட்டாள். வெளியே முருங்கை ஒரு பலத்த வீச்சில் நடுவில் முறிந்து சாய்ந்தது. ஊர் முழுக்க அந்தச் சத்தம் கேட்டது.

அமாவாசை காலையில் வீரணன் ஆட்களோடு வந்தார். முதலில் முறிந்து கிடந்த தன் சாவடித் தூணைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது. யார் வேலை என்று கேட்டார். என் வேலைதான் என்றாள் சீனித்தாய்.  அவர் ஏறு என்று கையைக் காட்டினார், ஓர் ஆள் கூரையில் ஏறி முகட்டு ஓலையில் கை வைத்தான்.

கட்டுப்பாடு கட்டுப்பாடுதானே, அதனால் மூலைகளையும் பார்த்தார். வாழை நின்றது, சரி. அடுத்த மூலையில் தலையில் சாணியோடு ஒரு கம்பு. கூட வந்தவர்கள் சிரித்தார்கள். வீரணன் குனிந்து பார்த்தார். பட்டையில் ஊசிமுனை போலப் பச்சை வெடித்திருந்தது. சிரிப்பு நின்றது. மூன்றாவது மூலையிலும் இரண்டு துளிர். நான்காவது மூலையில் கம்பு மொட்டையாக நின்றது. சுற்றிவந்து பார்த்தார், அடியிலிருந்து மேல்வரை ஒன்றுமே இல்லை. கூரையில் இருந்தவன் முதல் ஓலையை இழுத்துக் கீழே போட்டான். வீரணன் கம்பைப் பிடுங்கக் கையால் பற்றினார்.

“பிடுங்காதீங்க ஐயா. சாணியை மட்டும் எடுத்துப் பாருங்க” என்றாள் சீனித்தாய். அவளுக்கே அதில் என்ன இருக்கும் என்று தெரியாது.

காய்ந்து ஓடாகிப்போன சாணியை அவர் மெதுவாகக் கழற்றினார். உள்ளே இன்னும் ஈரம். அந்த ஈரத்துக்குள், வெளிச்சம் படாமல் வெளுத்து, தலையைக் குனிந்துகொண்டு ஒரு துளிர். அரிசி அளவுதான். வெயில் பட்டதும் அது நடுங்குவதுபோல இருந்தது.

வீரணன் வெகுநேரம் அதைப் பார்த்தபடி குந்தியிருந்தார். தூண் போன கோபம் அவர் முகத்திலிருந்து இறங்குவதை எல்லாரும் பார்த்தார்கள். பிறகு பசு நின்ற இடத்துக்குத் தானே போனார். புதுச் சாணி ஒரு பிடி அள்ளிவந்து, துளிர் நசுங்காமல் பக்கவாட்டில் அணைத்து, பழையபடி தலையில் வைத்து மூடினார். கையைத் துடைத்துக்கொண்டே கூரையில் இருந்தவனைப் பார்த்து, எடுத்த ஓலையை வேய்ந்துவிட்டு இறங்கு என்றார்.

ஆவணியில் மழை விழுந்தது. சுடலை ஆடுகளோடு திரும்பியபோது வீட்டுக்குள்ளிருந்து பிள்ளை அழுகிற சத்தம் வந்தது. சீனித்தாய் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அடுத்த மாசியில் அவள் மறுபடி செம்போடு வாசலில் நின்றாள். ஆவாரையிடமும் நொச்சியிடமும் கிளுவையிடமும், என்ன தருவாய் என்பதற்கு முன்னால் உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டாள். அந்தக் கொல்லை மண் பிறகு யார் சோற்றிலும் விழவில்லை.

முருங்கைக்கு விட்ட வைரம் திரும்பவே இல்லை. முருங்கை பருத்துத் தூணாகுமா என்று ஊரார் இப்போது கேலியாகக் கேட்கிறார்கள். ஆகாதுதான். ஆனால் போத்து நடுகிற எந்தக் கையும் அதன் தலையில் ஒரு பிடி சாணி வைக்காமல் எழுந்திருப்பதில்லை. அது நாட்டாமை வீரணன் குனிந்த அந்த அமாவாசையிலிருந்து வருகிற வழக்கம்.